ருஷ்யப் பையனுக்கு ஓர் ‘இல்லை’

இராஜபாளையம்,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் காசிராஜன் அவர்களுக்கு, பொன்னுராஜ் தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை பிரிஸ்கில்லாவும் ஆண்டவர் கிருபையால் சுகம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தாங்களும் அக்காவும் தங்கள் முழங்காலும் அவ்வண்ணமே சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறோம். போனில் பேசினால் நீங்கள்தான் பேசுவீர்கள். ஆகவே கடிதம்.

ருஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கும் நம் ஷெரினை, கூடப் படிக்கும் மாக்சிம் என்ற ருஷ்யப் பையன் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான் என்று தெரிந்த அன்றே தாய்மாமன் முறையில் நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். “அவன் பாஷையிலேயே இல்லைன்னு சொல்லிப்போடுங்க மாப்பிள்ளை. அப்பத்தான் மண்டையில ஏறும்.” கோர்ட்டில் காலமெல்லாம் ‘தள்ளுபடி’ எழுதிப் பழகிய கை உங்களுக்கு. நானும் சரியென்று, பேண்டேஜ் கடையில் உட்கார்ந்தபடி செல்போனில் ருஷ்ய பாஷையின் ‘இல்லை’யை மட்டும் படிக்கத் தொடங்கினேன்.

அது லேசுப்பட்ட ‘இல்லை’ அல்ல மச்சான். வினைக்கு முன்னால் ‘நியெ’ என்று ஒன்றை வைத்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். ஒருத்தரும் ஒருநாளும் ஒன்றும் சொல்லவில்லை என்பதற்கு ‘நிக்தோ நிக்கக்தா நிச்சிவோ நியெ கவரீல்’ என்று வரிசையாக நாலு இல்லையை நிறுத்துகிறார்கள். இங்கிலீஷில் இரண்டு இல்லை சேர்ந்தால் ஆமாம் ஆகிவிடும் என்று வாத்தியார் அடித்துச் சொல்லிக்கொடுத்தார். ருஷ்யனில் எத்தனை சேர்ந்தாலும் இல்லை இல்லைதான். இதற்கு மேலேயும் ஒன்று உண்டு. இருக்கிற பொருளுக்குப் பெயர் முழுசாக இருக்கிறது, அது இல்லையென்று சொல்லும்போது பெயரின் வாலே மாறிவிடுகிறது. மகள் என்றால் ‘தோச்’. வீட்டில் மகள் இல்லை என்றால் அவள் ‘தோச்செரி’. அந்தப் பாடம் படித்த அன்று எனக்கு வியாபாரமே ஓடவில்லை. மலையிலிருந்து மேகம் இறங்கி, வெயில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் ஒரு வெளிச்சம், கடைக்குள் தொங்கிய வெள்ளைத் துணியெல்லாம் மெல்ல ஆட, நான் தோச், தோச்செரி, தோச், தோச்செரி என்று எங்கேயோ மிதந்துகொண்டிருந்தேன். பஞ்சு வாங்க வந்த நர்ஸம்மா, “என்னண்ணே, செபமா?” என்றாள். ஆமாம் என்றேன். ஒற்றைப் பிள்ளை மச்சான். பையன் யார் எவன் என்பதெல்லாம் பொறவு. அங்கேயே தங்கிவிடுவாளோ என்றுதான் எனக்குப் பயம்.

ஒரு காலையில், போணிகூட ஆகவில்லை, வீடியோவில் வந்துவிட்டான். பக்கத்தில் ஷெரின். ‘உங்கள் மகளை எனக்குத் தருவீர்களா’ என்று ருஷ்யனில் மெதுவாகக் கேட்டான். முழுசாகப் புரிந்தது. நாலு இல்லையும் நாக்கில் தயார். ஆனால் நான் உட்கார்ந்திருந்தது கல்லாவில். அங்கே உட்கார்ந்து யாருக்கும் ‘இல்லை’ சொன்ன வழக்கமே நமக்குக் கிடையாதே. சரக்கு இல்லாவிட்டால் ‘நாளைக்கு வரும்’ என்போம், கேட்டவரும் சிரித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார். வாய் தன்பாட்டில் சிரித்து, ‘ஸாஃப்த்ரா’ என்றுவிட்டது. நாளைக்கு என்று அர்த்தம். பையன் முகம் அப்படியே பூத்துப்போயிற்று. ஷெரின் கடைக்காரன் மகள் அல்லவா, அவள் முகம் வாடிவிட்டது. அவனிடம் விளக்கிச் சொல்லத்தான் அவளுக்கு மனசு வரவில்லை.

வந்தே விட்டான் மச்சான்! லீவுக்கு வந்த ஷெரினோடு செங்கோட்டை ரயிலில் இறங்கி, ‘நாளைக்கு என்றீர்கள், விசாவால் தாமதம், மன்னிக்க வேண்டும்’ என்று கைகூப்பினான். உங்கள் தங்கை இலை போட்டாள். அவன் ‘நியெத், நியெத்’ என்று இலையை மறைக்க, நம் வீட்டில் எந்தக் காலத்தில் வேண்டாம் என்பதைக் காதில் வாங்கியிருக்கிறோம், “பிள்ளை கூச்சப்படுதான்” என்று இட்லிக்கு மேல் இட்லி அடுக்கினாள். இந்த அமர்க்களத்தில் நான் எங்கே பேச?

சாயங்காலம் கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஒருவர் அகலக் கட்டுத்துணி கேட்டார். “நாளைக்கு வரும்ணே” என்றேன். அவர் நேரே எதிர்க்கடையில் ஏறி வாங்கிப்போனார். பையன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஷெரினிடம் ஏதோ கேட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டே பதில் சொன்னாள். அவன் எழுந்து, “போயிட்டு வாரேன் மாமா” என்று தமிழில் சொல்லிவிட்டு லாட்ஜுக்கு நடந்தான். ஆக, நான் வாயே திறக்காமல் உங்கள் உத்தரவு நிறைவேறிற்று. நீங்கள் பார்த்துவைத்திருக்கும் சிவகாசி வரனை இனித் தாராளமாகப் பேசலாம். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கவும். கர்த்தர் உங்கள் வீட்டு மாடிப்படிகளைக் குறைத்து ஆயுசைக் கூட்டுவாராக.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டாத
பொன்னுராஜ்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதுவும் செல்லாது. கவரை ஒட்டப்போகும்போது ஷெரின் கடைக்கு வந்தாள். “யப்பா, நீங்க ‘நாளைக்கு’ன்னா என்ன அர்த்தம்னு அவியளுக்குத்தான் தெரியாது, எனக்கு அப்பவே தெரியும். வேண்டாம்னா என் மூஞ்சியப் பார்த்து வேண்டாம்னு சொல்லுங்க. கேட்டுக்கிடுதேன்” என்றாள். பார்த்தேன். ருஷ்யனிலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை. “ஏட்டி, எம்புட்டுத் தூரம் போயிருவ?” என்று கேட்டு அழுதுவிட்டேன் மச்சான். கைக்கு அகப்பட்டது பஞ்சு பார்சல்தான், இருவரும் அதிலேயே துடைத்துக்கொண்டோம். நானே டூவீலரில் போய் அவனை லாட்ஜிலிருந்து கூட்டிவந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நிச்சயம். பட்டு வேட்டி எடுத்தாயிற்று. பையனுக்குக் கட்டத் தெரியவில்லை, நான் கட்டிவிட்டாலும் அவிழ்ந்து விழுகிறது. “மாமா வந்து கட்டிவிட்டாத்தான் நிக்கும்” என்கிறாள் உங்கள் மருமகள். முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுங்கள்.