மூன்று தடவைச் சட்டம்

செக்கண்டி நகரத்தில் இனி ஒரு பல்புகூட வெட்டியாக எரியாது என்று எபோ அமிசா சபதம் போட்டார். போட்ட இடம் தேவாலய வாசல். போட்ட நேரம், ஞாயிறு ஆராதனை முடிந்து ஊரே பசியோடு வீட்டுக்கு ஓடும் நேரம். கடைசிவரை நின்று கேட்டவர்கள் இரண்டே பேர். ஒன்று, அவர் மனைவி அராபா. இன்னொன்று, ஓர் ஆடு. ஆட்டைக் கட்டிப்போட்டிருந்தார்கள்.

மனிதர் அசரவில்லை. டகராடி துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் கோக்கோ மூட்டை எண்ணிய குமாஸ்தா அவர். ஓய்வு பெற்ற பிறகு எண்ண மூட்டை இல்லை. சரி, பட்டப்பகலில் எரியும் விளக்குகளை எண்ணுவோம் என்று கிளம்பிவிட்டார். கழுத்தில் ஒலிபெருக்கிக் குழாய், கக்கத்தில் நோட்டு.

ஓர் அலுவலகத்துக்குள் நுழைந்தார். ஏ.சி. ஓடுகிறது. ஐந்து ஜன்னலும் திறந்து கிடக்கிறது.

"ஏம்மா, தெருவுக்கா ஏ.சி. போட்டிருக்கீங்க?"

"என்ன ஐயா செய்யறது? ஜன்னலைச் சாத்துனா உள்ள குளிருதே!"

எபோ அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வைத்த கென்கிச் சோள உருண்டையைத் தொடவில்லை. அவ்வளவு துக்கம்.

இப்படி ஊரெல்லாம் தோற்ற மனிதருக்கு ஒரே ஓர் ஆறுதல், சொந்த வீட்டு ஃபிரிட்ஜ்.

அதன் சரித்திரம் பெரியது. முதல் பையன் எக்கோவுக்குப் பெயர் வைத்த வாரம், லண்டனில் யாரோ வேண்டாமென்று கப்பலேற்றிய பழைய ஃபிரிட்ஜ் ஒன்றை எபோ துறைமுகத்தில் வாங்கினார். தள்ளுவண்டியில் ஏற்றி, முன்னால் இரண்டு மத்தளம் முழங்க, டகராடியிலிருந்து ஊர்வலமாகக் கொண்டுவந்து மனைவி முன் நிறுத்தினார். பெரிய தலைவர்தான் வருகிறார் என்று நினைத்துப் பட்டுக் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்கள் உண்டு. அது ஓடுகிற சத்தத்தைக் கேட்டு, கப்பல் புறப்படுகிறதென்று பெட்டியும் கையுமாக வந்து நின்றவர்களும் உண்டு. என் கண்ணால் பார்த்தேன்.

எபோ ஓய்வு பெற்று இரண்டாம் வாரம். வாசற்படியில் மோவாயைத் தாங்கிக்கொண்டு பதினோரு நாள் உட்கார்ந்திருந்தவர் கையில் ஒரு துண்டுச்சீட்டு கிடைத்தது. 'ஃபிரிட்ஜின் பின்பக்கத்தைச் சுத்தமாக வையுங்கள், மின்சாரம் மிச்சமாகும்' என்று போட்டிருந்தது. உடனே எழுந்தார். ஒரு வாளித் தண்ணீர், ஒரு கட்டி சோப்பு, ஒரு பிரஷ். ஃபிரிட்ஜின் முதுகை நுரை பொங்கத் தேய்த்துக் குளிப்பாட்டினார். 'டப்' என்றது. அழுக்கு கழன்று விழுகிறது என்றார். அதோடு ஃபிரிட்ஜ் அமைதியாகிவிட்டது.

"பாத்தியா அராபா? பாவம், இத்தனை வருஷமா முதுகு அரிச்சிருக்கு. அதான் கத்திக்கிட்டே இருந்திருக்கு. இப்ப எப்படித் தூங்குது பாரு!"

அராபா ஃபிரிட்ஜைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பதினோரு நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் பல் தெரிந்தது.

"ஆமாங்க. நல்லாத்தான் தூங்குது" என்றாள்.

எபோ கதவைத் திறக்கப் போனார்.

"ஏங்க! கையை எடுங்க. அந்தச் சீட்டுல அடுத்த வரி என்ன?"

"ஃபிரிட்ஜ் கதவை ஒரு நாளைக்கு மூணு தடவைக்கு மேல திறக்காதீங்க."

"காலைல எனக்கு ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மூணும் எனக்கே போதல. உங்களுக்கு என்ன வேணும்னாலும் கேளுங்க, நான் எடுத்துத் தரேன்."

ஊருக்குச் சொல்லப்போகிறவர் தானே மீறலாமா? எபோ கையை எடுத்துவிட்டார். அன்று சாயங்காலம் அராபா கொடுத்த தண்ணீர் பல்லைக் கூசவைத்தது. முன்பணம் கட்டி வாங்கினால் மூன்று வாரத்தில் தீர்ந்துபோகிற மீட்டர் அட்டை அந்தத் தடவை ஐந்து வாரம் வந்தது. அதற்குப் பிறகுதான் தேவாலய வாசலும் ஆடும் சபதமும்.

இரண்டு வருஷம் ஓடியது. எபோ போகாத தையல்கடை இல்லை, திட்டு வாங்காத முடிதிருத்தகம் இல்லை. எல்லா இடத்திலும் தன் ஃபிரிட்ஜின் கதையைச் சொன்னார். ஊரில் ஒருவரும் அவர் பேச்சைக் கேட்டு ஃபிரிட்ஜைக் குளிப்பாட்டவில்லை. அது ஊர் செய்த புண்ணியம்.

பக்கத்து வீட்டு மான்சா மட்டும் சுவருக்கு மேலே தலையை நீட்டி விசாரிப்பாள். "அண்ணே, உங்க ஃபிரிட்ஜுத் தண்ணி எப்படி?"

"அமிர்தம்!"

"இருக்கும், இருக்கும்."

அந்த வருஷம் நகரத்து மின்சாரச் சிக்கனக் குழு ஒரு போட்டி அறிவித்தது. அதிகம் மிச்சம் பிடித்த வீட்டுக்கு, குறைந்த மின்சாரத்தில் ஓடும் புத்தம்புது ஃபிரிட்ஜ் பரிசு. எபோ மீட்டர் சீட்டுகளை நீட்டினார். குழுவே வாயைப் பிளந்தது. சனிக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை அராபா மெல்ல ஆரம்பித்தாள். "எக்கோ அப்பா, அந்தப் போட்டி நமக்கு வேணாமே."

"மத்தளக்காரங்களுக்கே சொல்லிட்டேன். ஏன் வேணாம்ங்கற?"

"பழசு நல்லாத்தானே இருக்கு..."

"அதை வாங்குனதுக்கு அப்புறம் உனக்குன்னு பெரிசா நான் ஒண்ணும் வாங்கல அராபா. இன்னும் ஒரே ஒரு தடவை, மத்தளம் அடிச்சுக்கிட்டு இந்த வாசலுக்கு வரணும். அவ்வளவுதான்."

அராபா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் நறுக்கணும் என்று உள்ளே போனாள். வீட்டில் மூன்று நாளாக வெங்காயமே இல்லை என்பது எபோவுக்கு ஞாபகம் வரவில்லை.

சனிக்கிழமை குழுத் தலைவி குவான்சா மேடம் ஓர் அளவுகருவியோடு வந்தார். வாசலில் தெருவே கூடியது. மேடம் ஃபிரிட்ஜின் ஒயரைக் கருவியில் செருகினார். முள் அசையவில்லை. தட்டினார். அசையவில்லை.

எபோ குழாயை வாயில் வைத்தார். "பூஜ்யம்! மக்களே, பூஜ்யம்! உலகத்துலயே மின்சாரமே சாப்பிடாத ஃபிரிட்ஜ்!"

"ஐயா," என்றார் மேடம், "உசுரோட இருக்கிற ஃபிரிட்ஜ் பூஜ்யம் காட்டாது. கதவைத் திறக்கலாமா?"

"அராபா, இன்னைக்கு எத்தனை தடவை ஆச்சு?"

"ஒண்ணுகூட ஆகல" என்றாள் அராபா, தரையைப் பார்த்தபடி.

திறந்தார்கள். குப்பென்று கற்பூர உருண்டை வாசம். தட்டுத் தட்டாக மடித்த துணிகள், ஒவ்வொரு பண்டிகைக்கும் எபோ எடுத்துக் கொடுத்தவை. முட்டை வைக்கிற குழிகளில் நூல்கண்டுகள். அடித்தட்டில், இஸ்திரி மடிப்புக் கலையாமல், எபோவின் துறைமுகக் காக்கிச் சட்டை.

"எப்போலருந்து?" என்றார் எபோ. குரல் கீழே இறங்கிவிட்டது.

"நீங்க குளிப்பாட்டுன அன்னைலருந்து."

"அப்ப அந்தத் தண்ணி?"

"என்னோடதுதான் அண்ணே," என்றாள் கூட்டத்திலிருந்து மான்சா. "ரெண்டு வருஷமா அமிர்தம்னு சொன்னீங்களே, ரொம்ப சந்தோஷம்."

"அராபா, ஏன் எங்கிட்ட சொல்லல?"

"வேலை நின்னு போய் நீங்க படியில உக்காந்திருந்தீங்க. அதே மாசம் இதுவும் நின்னு போச்சு. ரெண்டையும் ஒண்ணா நான் தாங்குவனா? ஒண்ணாவது ஓடட்டுமேன்னு விட்டுட்டேன்."

கடைசி வீடு வரைக்கும் இந்தப் பேச்சு கணீரென்று கேட்டிருந்தது.

"ஐயா," என்றார் மேடம் மெதுவாக, "குழாயை அணைச்சிடுங்க. பேட்டரி வீணாகுது."

எபோ அணைத்தார். "எங்க பேரை அடிச்சிடுங்க மேடம். நான் ஊரை ஏமாத்திட்டேன்."

"யூனிட் குறைஞ்சது நிஜந்தானே? ரெண்டு வீட்டுக்கு ஒரே ஃபிரிட்ஜ்! இந்த மாதிரி யோசனை எங்க குழுவுல ஒருத்தருக்கும் வரல." மேடம் பேனாவை எடுத்தார். எபோவின் பெயரை அடித்தார். "அம்மா, உங்க முழுப்பேரு சொல்லுங்க."

அடுத்த சனிக்கிழமை மத்தளம் முழங்கியது. கொளுத்துகிற வெயிலில் தள்ளுவண்டிக்கு முன்னால் எபோ ஆடிக்கொண்டே வந்தார். வாசலில் அராபா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிப்பா, அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் என்றே வைத்துக்கொள்வோம். புதிய ஃபிரிட்ஜ் கூடத்தில் நின்றது. பழையது துணிகளோடு மூலையிலேயே நின்றது. புதியதில் மேல்தட்டு மான்சாவுக்கு என்று அராபா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மத்தளக்காரர்களும் கிளம்பினார்கள்.

எபோவுக்கு நாக்கு வறண்டுவிட்டது. டம்ளரோடு போய்ப் புதிய கதவில் கை வைத்தார்.

"ஏங்க."

"என்ன?"

"தண்ணி பாட்டில் வெச்சதுக்கு ஒண்ணு. மான்சா அக்கா மீன் வெச்சதுக்கு ஒண்ணு. உள்ள விளக்கு எரியுதான்னு நீங்க திறந்து பாத்ததுக்கு ஒண்ணு. மூணு ஆச்சு."

எபோ டம்ளரைத் தூக்கிக்கொண்டு மான்சா வீட்டுக்கு நடந்தார்.