ஈரம் பார்க்கத் தெரிந்த விரல்கள்

உலகத்து விஞ்ஞானிகள் அனைவரும் ஒருநாள் தூத்துக்குடிக்கு வந்து, எங்கள் சேர்மன் சுந்தர்சிங் அவர்களின் விரல்களை வணங்கத்தான் போகிறார்கள். ஆலையின் மக்கள் தொடர்பு அதிகாரி என்ற முறையில் இதை அறிவிப்பதில் பெருமை கொள்கிறேன்.

துறைமுகத்துக்கு அருகே, மீன் கழிவு எண்ணெயை டீசலாக்கும் ஆலை எங்களுடையது. அதற்குத் தேவையான கந்தக அமிலத்தைக் கேனில் சுமந்து கொதிகலனில் ஊற்றுபவர் வெள்ளத்துரை. எட்டு வருடத்துக்கு முன் தெறித்த அமிலத்தில் அவருடைய இடது கண் போயிற்று. வலது கண்ணோடு அதே வேலையை அவர் தொடர அனுமதித்தது சேர்மனின் கருணை.

பிறகுதான் பிரேசிலிலிருந்து கப்பலில் நியோபிக் அமிலம் வந்தது. நியோபியம் என்ற உலோகத்திலிருந்து செய்த வெள்ளைப் பொடி அது. ஆனாலும் கந்தக அமிலத்தின் வேலையைச் செய்யும். வடிகட்டி எடுத்து மறுபடியும் போடலாம். ஆய்வகத்துக் கிருபை மேடம் இரண்டு வருடம் மன்றாடி வரவழைத்தது.

"இது தெறிக்காதுல்லா மேடம்?" என்று கேட்டார் வெள்ளத்துரை.

"தெறிக்காது அண்ணாச்சி. மாவு மாதிரிதான்."

"அப்ப மிச்சக் கண்ணு எனக்குத்தான்!"

உடனே 'உயர்மட்டத் தரக் குழு' கூடியது. சேர்மன் மூட்டைக்குள் கைவிட்டு, பொடியை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார். மூன்று தலைமுறையாக உப்பு வியாபாரத்தில் ஈரம் பார்த்த விரல்கள் அவை. தப்புமா?

"ஏளா கிருபை, இதுல ஈரம் கெடக்கு. பிரேசில்காரன் தண்ணியச் சேத்து எடை போட்டுருக்கான்."

"சார், அந்தத் தண்ணியிலதான் இதுக்க அமிலக் குணமே இருக்கு. முந்நூறு டிகிரிக்கு மேல போனா செத்துரும்."

"ஈர உப்பக் கொண்டுபோயி, இதுதான் உப்போட குணம்னு சொன்னா எவன் வாங்குவான்?"

குழு கைதட்டியது. அறுநூறு டிகிரியில் ஆறு மணி நேரம் 'ஈரநீக்கம்' நடந்தது. வறுத்த பொடியில் கிருபை மஞ்சள் நிறங்காட்டியை ஒரு சொட்டு விட்டார். அமிலம் இருந்தால் சிவக்க வேண்டும். மஞ்சளாகவே இருந்தது.

"மஞ்ச மங்களகரமானதுதானளா?" என்றார் சேர்மன்.

'திரவ அமிலம் இல்லாத ஆலை' என்று வாசலில் பலகை வைத்தோம். அந்த வாசகம் என்னுடையது. அப்படிப்பட்ட ஆலையில் முகக்கவசத்தைப் பார்த்தால் விருந்தினர் சந்தேகப்பட மாட்டார்களா? அனைத்தையும் அப்புறப்படுத்தினேன். கண் கழுவும் குழாயைப் பிடுங்கிய இடத்தில் கல்வெட்டு வந்தது.

தொடக்க விழா. விருந்தினர்கள் பந்தலில் மக்ரூன் தின்றுகொண்டிருந்தார்கள். வறுத்த பொடியைப் போட்டும் கொதிகலனில் எண்ணெய் எண்ணெயாகவே கிடந்தது. சேர்மன் பின்பக்கம் வந்தார். கேமராக்காரர்கள் அங்கே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள நானும் நின்றேன்.

"ஏலே வெள்ளத்துரை, பழைய கேன் ரெண்டு கெடக்குல்லா. எடுத்து ஊத்து."

"முகத்துக்குப் போட ஒண்ணும் இல்லயே மொதலாளி."

"இன்னைக்கு ஒருநாளைக்குத்தானல."

கிருபை குறுக்கே வந்து நின்றார். விருந்தினருக்குப் பன்னீர் தெளிக்க ஆள் இல்லை என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தேன்.

ஒரு மணி நேரத்தில் டீசல் வந்தது. அப்படி ஒரு கைதட்டல்! பின்பக்கத்தில் இரண்டாவது கேனை ஊற்றிக்கொண்டிருந்த வெள்ளத்துரையின் அலறல் அதில் பந்தலில் யாருக்கும் கேட்கவில்லை. கிருபைக்கு மட்டும் எப்படியோ கேட்டிருக்கிறது. பன்னீர்ச் செம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து, குடிதண்ணீர்ப் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து வெள்ளத்துரையின் முகத்தில் ஊற்றினார். பன்னிரண்டு பாட்டில். போதவில்லை.

திரவ அமிலம் இல்லாத ஆலையில் அமிலக் காயம் எப்படி வரும்? விசாரணைக் குழு தீர ஆராய்ந்து, 'ஏற்கெனவே இருந்த பார்வைக் குறைபாடு' என்று முடிவு செய்தது. மாற்றிச் சொன்ன கிருபைக்கு வேலை போயிற்று.

நேற்று வெள்ளத்துரையை அவர் மனைவி மரியசெல்வி கைப்பிடித்துக் கூட்டிவந்தாள். அறிக்கையில் அவர் கையெழுத்து வேண்டுமாம்.

"என்ன எழுதிருக்கு சார்?" என்று கேட்டார்.

"நடந்ததுதான்."

"நீங்க அங்கன நின்னீங்கல்லா. நீங்க சொன்னா சரிதான்."

அவர் விரல்களைப் பிடித்து, கோட்டின்மேல் சரியாக வைத்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு ஒரே ஒரு கட்டம் பாக்கி இருந்தது: 'நேரில் கண்ட சாட்சி'. 'எவரும் இல்லை' என்று நிரப்பி, கீழே நான் கையெழுத்திட்டேன். அன்று நான் அவரிடமிருந்து நாலடி தூரத்தில்தான் நின்றேன். எனக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும்.