சகலை சுட்ட டார்ட்

எனக்குச் சமைக்கத் தெரியாது. இதைச் சொல்ல நான் வெட்கப்படுவதில்லை. ஊரில் அவனவன் எதிர்காலத்துக்காக இன்சூரன்ஸ் எடுக்கிறான்; நான் சமைக்கத் தெரியாமல் இருந்தேன். பிரீமியம் கிடையாது. பலன் மட்டும் வேளாவேளைக்குச் சுடச்சுடத் தட்டில் வந்து விழும்.

அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது போன மாதம்தான் தெரிந்தது. என் மனைவி அமுதவல்லிக்குப் பெங்களூரில் ஒரு தங்கை, சிவரஞ்சனி. அக்காவும் தங்கையும் சேர்ந்து காஷ்மீர் போவதாகத் திட்டம். பத்து நாள். போகாதே என்று சொல்லுகிற ரகம் இல்லை நான். முற்போக்கானவன். அதோடு புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் சூப்பிரண்டு. லீவு கேட்டு வருகிறவர்களை 'இல்லை' என்ற சொல்லே சொல்லாமல் திருப்பி அனுப்பிப் பழகியவன்.

"தாராளமாப் போயிட்டு வா" என்றேன். மகன் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கிறான், அவனைப் பற்றிக் கவலையில்லை. நான் பன்னும் டீயுமாகச் சமாளித்துக்கொள்வேன். வயிற்றுப்புண் திரும்ப வந்தால் ஊரில் டாக்டருக்கா பஞ்சம். நீ நிம்மதியாகப் பனியைப் பார் என்றேன். அவள் பெருமூச்சு விட்டாள். தங்கைக்குப் போன் போட்டு, சுடுதண்ணி கூட வைக்கத் தெரியாத மனுசனை விட்டுவிட்டு எப்படி வருவது என்று கேட்டாள். நான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். சிரிப்பது தெரியக்கூடாதல்லவா.

அடுத்த வாரம் 'அரிமளம் சொந்தங்கள்' வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. அரிமளம் என் மாமனார் ஊர். அந்த வீட்டு மருமகன்கள் நானும் சிவரஞ்சனியின் கணவர் உதயசூரியனும். அவர் எனக்குச் சகலை. நான் மூத்தவன், ஆனால் விருந்தில் முதல் வடை அவர் இலையில்தான் விழும். நான் ஸ்கூட்டர் வாங்கிய மாதம் கார் வாங்கியவர். படத்தில் வட்டமாக ஒரு பண்டம். மேலே கலர் கலராகப் பழத்துண்டுகள். கீழே சிவரஞ்சனி எழுதியிருந்தாள்: 'என் வீட்டுக்காரர் கைவண்ணம். வீகன் ஃப்ரூட் டார்ட். பால் இல்லை, வெண்ணெய் இல்லை, முட்டை இல்லை.'

வீகன் என்றால் ஏதோ வீக்கத்துக்குப் பத்தியம் என்றுதான் முதலில் நினைத்தேன். அமுதவல்லி விளக்கினாள். சகலை மகள் மோகனப்ரியா, மாட்டிடமிருந்து வருவது எதுவும் ஆகாது என்று கொள்கை பிடித்துக்கொண்டாளாம். வீடே அவள் பின்னால் போய்விட்டதாம். குழுவில் ஆளாளுக்கு இதயம் போட்டிருந்தார்கள். என் மாமியார், எனக்கு அன்றுவரை கட்டைவிரலுக்கு மேல் போட்டதில்லை, அவரும் இதயம்.

ராத்திரி தோசை வைக்கும்போது அமுதவல்லி சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"எல்லாருக்குமா கை வரும். அவருக்கு வருது. ஒங்களுக்கு ஆபீஸ் வேலை வருது, அது போதும்."

திட்டியிருந்தால் இன்னொரு தோசை கேட்டிருப்பேன். பரிதாபப்பட்டுவிட்டாள். அதுதான் தாங்கவில்லை. சனிக்கிழமை நான் டார்ட் சுடப்போகிறேன் என்று அறிவித்தேன். வேண்டாங்க, கையைச் சுட்டுக்கிருவீங்க என்றாள். அதைக் கேட்டபின் பின்வாங்க நான் என்ன பேடியா?

எங்கள் வீட்டில் அவன் ஒருவன் இருக்கிறான். மின்சார அவன். வீடு குடிபோனபோது யாரோ கொடுத்தது. அவனும் என்னைப் போலத்தான்; நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்திருப்பான், ஒரு வேலையும் செய்ததில்லை. அமுதவல்லி அவனுக்குள் அப்பளக் கட்டு வைத்திருந்தாள். சனிக்கிழமை காலையில் திறந்தால் அப்பளத்தைக் காணோம். உள்ளே பளிச்சென்று துடைத்திருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்துத் தொடங்கினேன். ஓட்ஸையும் ஆதனக்கோட்டை முந்திரியையும் பொடித்து, எண்ணெய் விட்டுப் பிசைந்து, தட்டில் அப்பி, முள்கரண்டியால் குத்தி, அவனுக்குள் தள்ள வேண்டும். குத்துவது மட்டும் எனக்கு இயல்பாக வந்தது. கைக்குக் கிடைத்த நல்லெண்ணெயை ஊற்றினேன். சற்று நேரத்தில் வீடு முழுக்கத் தீபாவளிக் காலை வாசம். தலை முழுகாததுதான் பாக்கி. இரண்டாவது தடவை தேங்காய் எண்ணெய் ஊற்றி, தண்ணீர் தாராளமாக விட்டு, சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசைந்தேன். வெளியே வந்ததைக் கவிழ்த்துத் தட்டினேன். தட்டுதான் நெளிந்தது. அந்த டார்ட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் போனால் எந்தப் போலீஸும் பிடிக்காது.

அமுதவல்லி சமையல்கட்டுப் பக்கமே வரவில்லை. கொல்லைச் சுவரோரம் நின்று அடுத்த வீட்டுக் கலைமதியோடு பேசிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது. தேங்காய் எண்ணெயை ஃப்ரிட்ஜில் வைத்து உறைய விட வேண்டுமாம். ஐஸ் தண்ணீரைத் துளித் துளியாகத் தெளிக்க வேண்டுமாம். பிசையவே கூடாதாம், விரல் நுனியால் உதிர்த்து அப்படியே அமுக்க வேண்டுமாம். பெண்களுக்கு ரகசியம் தங்காது என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டே எண்ணெயை ஃப்ரிட்ஜில் வைத்தேன். அங்கே கெட்டியான தேங்காய்ப்பால் பிழிந்து தயாராக இருந்தது. குழம்புக்காக இருக்கும். அதையும் திருடினேன்.

மூன்றாவது தட்டு பொன்னிறமாக வெந்தது. தேங்காய்ப்பாலில் சோளமாவும் சர்க்கரையும் போட்டுக் கிண்டி, ஆறவிட்டு ஊற்றினேன். மேலே மாம்பழம், மாதுளை, வடகாட்டுப் பலாச்சுளை. வெட்டி ஒரு துண்டை அமுதவல்லியிடம் நீட்டினேன். அடியில் பொருபொருவென்று உதிர்ந்தது. மேலே வழுக்கிக்கொண்டு போனது. வயிற்றுக்கு ஒரு பாரமும் இல்லை. அவள் தானாகவே இரண்டாவது துண்டை எடுத்தாள். கல்யாணமான நாளாய் நான் செய்து அவள் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் கண் கலங்கியது போலக்கூட இருந்தது. அவளுக்கா எனக்கா என்று அடித்துச் சொல்ல முடியாது.

'திருமுருகன் கைவண்ணம்' என்று நானே எழுதிக் குழுவில் படத்தைப் போட்டேன். இதயங்கள் கொட்டின. மாமியாரிடமிருந்தும் ஒன்று. சகலை மட்டும் வெறும் கும்பிடு போட்டிருந்தார். தோல்வியை ஒப்புக்கொள்ளும் பண்பு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் சிவரஞ்சனி வீடியோவில் வந்தாள். இங்கே என் பக்கத்தில் அமுதவல்லி, சாட்சிக்குக் கலைமதி.

"அத்தான், பால் இல்லாம இதுமாதிரி வேற என்னென்ன செய்வீங்க?"

கேள்வியா அது. நான் எப்போதாவது சமைத்திருந்தால் அடக்கமாகப் பதில் சொல்லியிருப்பேன். ஒன்றுமே தெரியாதவனுக்கு என்ன தயக்கம்? பாயாசமா, தேங்காய்ப்பால் இருக்கிறது. குருமாவா, முந்திரியை அரைத்து ஊற்று. சாம்பார், ரசமெல்லாம் கண்ணைக் கட்டிக்கொண்டு வைப்பேன் என்றேன். தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா கலைமதியைப் பார்த்தாள்.

"அப்ப இனிமே எனக்கு ஒரு கவலையும் இல்லங்க" என்றாள் அமுதவல்லி.

நான் டார்ட் காட்டினேன். அவள் டாட்டா காட்டினாள். வெள்ளிக்கிழமை அவளையும் பெட்டியையும் ரயில்வே ஸ்டேஷனில் ஏற்றிவிட்டேன். பெட்டி ஏற்கெனவே பூட்டித் தயாராக இருந்தது. பூட்டின் மேல் தூசி. தங்கையைச் சென்னையில் சந்தித்து அங்கிருந்து விமானமாம். ஏமாந்துவிட்டேன் என்பது புரிந்தது. ஆனால் சூப்பிரண்டு அவ்வளவு சீக்கிரம் சோர்ந்துவிடுவதில்லை. அவள் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் மூன்று வேளையும் பரோட்டா என்று முடிவு செய்து நிம்மதியாகப் படுத்தேன்.

சனிக்கிழமை காலை அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் சகலை உதயசூரியன். கையில் பெரிய பெட்டி, தோளில் லேப்டாப் பை.

"அண்ணே, ஒங்க வீட்ல வைஃபை நல்லா வருமா? பத்து நாளைக்கு இங்கிட்டிருந்துதான் வேலை" என்றார்.

உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்து, பெங்களூரில் அவ்வளவு அருமையாக டார்ட் சுடுகிறவர் இங்கே எதற்கு வந்தார் என்று நயமாகக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் எங்கண்ணே சுட்டேன். அந்தப் படமே ரஞ்சனி நெட்டுல சுட்டது. எனக்கு டீ கூடப் போட வராது. அத்தான் பால் இல்லாம பிரமாதமாச் சமைக்கிறாரு, அங்க போயி இருங்கன்னுட்டு மகளையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. நானும் கும்பிடு போட்டு ஒங்களை எச்சரிச்சுப் பார்த்தேன். ஒங்களுக்குப் புரியல."

அமுதவல்லிக்குப் போன் போட்டேன். பின்னால் விமான நிலையத்து அறிவிப்புச் சத்தம். கோபத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை. அவளுக்கு வந்தது. தேங்காய் ஃப்ரிட்ஜுக்கு மேலே கூடையில் இருக்கிறது, உரித்தே வைத்திருக்கிறேன். உதயசூரியன் தம்பிக்கு மோர் ஊற்றிவிடாதீங்க. நெய் டப்பாவைத் தொட்ட கையோடு அவருக்குப் பரிமாறாதீங்க என்றாள். கலைமதியும் அதே ரயிலில் வேறு பெட்டியில் ஏறிக் கூடவே வந்திருக்கிறாள், ஒங்களை விசாரித்தாள் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

வாசலில் கேட் திறக்கும் சத்தம். கலைமதியின் கணவர் சிவபிரகாஷ், கழுவித் துடைத்த தட்டும் தம்ளருமாக உள்ளே வந்துகொண்டிருந்தார்.

"நீங்க எனக்காகத் தனியாச் சிரமப்பட வேணாண்ணே" என்றார் பெருந்தன்மையாக. "நான் எல்லாமே சாப்பிடுவேன்."