அச்சுப்பிழையரின் ஐம்பது சதம்

தலைமன்னாரில் ரயிலைத் தவறவிட்டவர்களில் பாதிப்பேர் அச்சுப்பிழையரின் கடையில் மிச்சக்காசுக்குக் காத்து நின்றவர்கள். அந்த மனிதருடைய காசொன்றை நான் களவெடுத்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரயில் நிலையத்துக்கு எதிரே அவருடைய தேத்தண்ணிக்கடை. நாணயசாலை இயந்திரம் பிழையாக அடித்த காசைத் தேடுவதே அவருக்குப் பிழைப்பு, தேத்தண்ணி பொழுதுபோக்கு. அதனால்தான் ஊர் அந்தப் பட்டப்பெயர் வைத்தது. ஒவ்வொரு சதத்தையும் பூதக்கண்ணாடியில் பார்த்த பிறகுதான் மிச்சம் கொடுப்பார், சந்தேகமானதைத் தகரப் பேணியில் போட்டு வைப்பார். ரயில் ஊதும், பயணி துள்ளுவார். "பொறுங்கோ, ரயில் நாளைக்கும் வரும்" என்பார்.

பொடியன்கள் தண்டவாளத்தில் காசை வைத்து நசுக்கிக்கொண்டு வருவார்கள். "டேய், இது அச்சு விட்ட பிழை இல்லை, ரயில் ஏறின காசு!" என்று தலையில் குட்டி, தின்ன ஒரு வாய்ப்பனும் கொடுத்து அனுப்புவார்.

ஒருநாள் அசல் பிழைக்காசு அகப்பட்டது. ஐம்பது சதம். எழுத்தெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி, மறு பக்கம் பிறைபோல வெறுமையாக இருந்தது. பழங்காசு சேர்க்கும் கொழும்பு வியாபாரி ஒருவர் அதைப் பார்த்து விலை பேச வந்தார். நான் அப்போது பள்ளிக்கூட வாத்தியார், அச்சுப்பிழையர் வீட்டிலேயே குடியிருந்தேன். அவர் மனைவியை அக்கா என்பேன். அன்று காலையிலேயே அக்கா புருஷனிடம் சொல்லிவிட்டார்:

"இண்டைக்கு அந்தக் கொழும்பு மனிசன் உது பழுதெண்டு சொன்னால், உங்கட காசுப் பேணியெல்லாம் கடலுக்குள்ளதான்!"

எனக்கு முந்தைய நாளே ஒரு பகிடி தோன்றியிருந்தது. வேறொரு ஐம்பது சதத்தின் ஓரத்தை அரத்தால் ராவிப் பிறை செய்து வைத்திருந்தேன். அதை அசல் இருந்த சின்னப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அசலை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அச்சுப்பிழையர் திகைத்ததும் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பதுதான் எண்ணம்.

வியாபாரி பெட்டியைத் திறந்து பெருவிரலால் தடவினார். "அச்சு விலகினால் வெறும் பக்கம் மெலியாது, ஐயா. இது ராவின காசு. அரத்தின்ர கீறு தெரியேல்லையோ? ஆரை ஏமாத்தப் பாக்கிறீங்கள்?"

கடையே சிரித்தது. அச்சுப்பிழையர் காசைப் பார்த்தார், பெட்டியை மூடினார். இப்போது அசலை வெளியே எடுத்தால் பகிடி இல்லை, களவு. சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு நின்றேன். வியாபாரி ரயிலேறிவிட்டார்.

அக்கா பேணிகளை வாரிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தார். அச்சுப்பிழையரும் நானும் பின்னால் போனோம். முழங்கால் தண்ணீரில் இறங்கி அக்கா முதல் பேணியின் மூடியைத் திறந்தபோது நான் கத்தினேன்.

"அண்ணை, நான்தான் மாத்தினனான்!"

நீட்டிய காசை அவர் வாங்கிக்கொண்டார். "தெரியும், மாஸ்டர். ராவின இடம் புதுசாப் பளபளத்தது. அரம் எங்கட வீட்டிலதானே கிடக்குது."

"ஏன் அப்பவே சொல்லேல்லை?"

"வீட்டில சோறு தின்னுற ஆளை, வெளி ஆளுக்கு முன்னால கள்ளனெண்டோ சொல்லுறது?"

"படிச்ச மனிசனாம், தூ!" என்றார் அக்கா. வீட்டுக்கு வந்து பேணிகளைத் திரும்ப உள்ளே வைத்தார். என் உடுப்புப் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை, அக்காவுக்குத் தெரியாமல் அச்சுப்பிழையரிடம் அந்தக் காசைக் கேட்டேன். மறுபேச்சில்லாமல் தந்தார். கொழும்புக்குப் போய் வியாபாரியிடம் நடந்ததெல்லாம் சொன்னேன். அவர் காசைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அந்தக் கள்ளனோ உம்மை அனுப்பினவன்? நீரும் அவன்ர ஆளோ?"

"ஓம், அவரின்ர ஆள்தான்" என்றேன்.