இரண்டு பங்கு புளி

வீட்டுக்கு ஆள் வந்தால் மட்டும் பெரிய சமையல்காரராகிவிடும் ஓர் இனம் நம்மிடையே உண்டு. உங்களுக்கும் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்தவர் சொக்கலிங்கம். அந்தமானில், ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் குமாஸ்தா, தனிக்கட்டை, பக்கத்திலேயே குவார்ட்டர்ஸ்.

தனக்கென்றால் கஞ்சி, சுட்ட கருவாடு, ஒரு பச்சை மிளகாய். அதையும் தட்டு கழுவச் சோம்பல்பட்டு, சட்டியோடு நின்றபடியே முடித்துவிடுவார். விருந்தாளி என்றாலோ, விடிவதற்குள் மீன் வாங்க ஓடுவார், மெயின்லேண்ட் கப்பலில் வந்த கத்தரிக்காயை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார், முந்திரி அரைப்பார், மசாலா இரண்டு பங்கு, எண்ணெய் இரண்டு பங்கு, புளி இரண்டு பங்கு என்று மரியாதை முழுவதையும் குழம்பிலேயே கரைத்துவிடுவார். ருசி பார்க்க மாட்டார். விருந்தாளிக்கு முன் வாயில் வைத்தால் எச்சிலாகிவிடாதா? கூட உட்காரவும் மாட்டார். "எப்படி இருக்கு?" என்று எதிரே நின்று நம் முகத்தையே பார்ப்பார். அந்தப் பார்வைக்கு முன் எவன் உண்மை பேசுவான்?

போன மழைக்காலத்தில் தெற்குக் கோடித் தீவான கேம்பல் பேயிலிருந்து அவர் நண்பர் செந்தமிழனும் மனைவி உமா மகேஸ்வரியும் மருத்துவமனைக்கு வந்திருந்தார்கள். ஞாயிறு மதியம் விருந்து என்று பேச்சு. கடல் மோசமாகப் போகிறது என்று, ஊர் திரும்பும் கப்பலைச் சனிக்கிழமைக்கே மாற்றிவிட்டார்கள். சனி மதியம் இருவரும் பெட்டியோடு வாசலில் நின்றார்கள். உள்ளே சொக்கலிங்கம் கஞ்சிச் சட்டியோடு நின்றார்.

"அரே, வாங்க வாங்க! நாளைக்குன்னு மீன் வாங்கி வெச்சிருக்கேன், ஒரே மணி நேரம்..."

"நாலு மணிக்குக் கப்பல் ஜெட்டியில நிக்கணும்ணே," என்றாள் உமா மகேஸ்வரி. "பசி உயிர் போகுது. அந்தக் கஞ்சியையே ஊத்துங்க, சலேகா, அதுவே போதும்."

"ஐயோ, இது சாப்பாடு இல்லம்மா. இது நான் சாப்பிடறது!"

சட்டியை மேஜையில் வைத்துவிட்டு அடுக்களைக்குள் பாய்ந்தார். மிக்சி அலறியது. மூன்றரை மணிக்குக் கரண்டியும் கையுமாக அவர் வெளியே வந்தபோது சட்டி காலி. செந்தமிழன் கருவாட்டு முள்ளைச் சப்பிக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷமா இதை ஏண்ணே எங்க கண்ணுல காட்டல?" என்று கேட்டுவிட்டு, கை கழுவிக் கணவரோடு கிளம்பிவிட்டாள் உமா மகேஸ்வரி.

ஆறு பேருக்கான குழம்பு. ஒற்றை ஆள். அவர் கஞ்சியோ போயே போய்விட்டது. வேறு வழியில்லாமல் சொக்கலிங்கம், வாழ்க்கையில் முதன்முறையாக, தன் விருந்துக்குத் தானே உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். கண் தானாக மூடிக்கொண்டது. சந்தேகம் தீர இன்னொரு வாய். பிறகு எனக்குப் போன் செய்தார்.

"உண்மையைச் சொல்லு. என் மீன் குழம்பு எப்படி?"

"கொஞ்சம்... புளிப்பு."

"எத்தனை வருஷமா?"

"பன்னிரண்டு."

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் கூப்பிட்டார். கஞ்சி, கருவாடு. இரண்டு தட்டு. எதிரே உட்கார்ந்து அவரும் சாப்பிட்டார். எப்படி இருக்கிறது என்று கேட்கவே இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன மாதம் உங்கள் வீட்டுக்கு வந்தபோது, அந்தப் பிரியாணியை 'பிரமாதம்' என்றேனே, நினைவிருக்கிறதா? அன்று நீங்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்?