வராத பச்சையும் வந்த மஞ்சளும்

பல்செட்காரருக்கு வயது நாற்பத்தேழு. ஊரில் பாதிப் பேர் அவர் கட்டிக் கொடுத்த பல்லால்தான் மெல்லுகிறார்கள். குடியில்லை, சீட்டாட்டமில்லை. ஒரே ஒரு பழக்கம், லேசர் டயோடு. மிளகு அளவு சாமான். பக்குவமாக மின்சாரம் கொடுத்தால் ஒரே நிறத்தில் ஊசிபோல ஒளியைச் சுவரில் குத்தும். அதனால் என்ன பயன் என்று கேட்பவர்களை அவர் பரிதாபமாகப் பார்ப்பார்.

சிவப்பு, ஊதா, நீலம், பச்சை எல்லாம் சந்தைக்கு வந்த சூட்டோடு அவர் மேசைக்கும் வந்துவிட்டன. மஞ்சள் மட்டும் வரவில்லை. "இந்த வருஷம் நிச்சயம்" என்று அவரைப் போன்ற பித்தர்கள் ஆறு வருடமாக இணையத்தில் எழுதி ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டிருந்தார்கள்.

"என்கிட்ட மஞ்சள்ல மட்டும் பதினாலு நூல்கண்டு இருக்கு," என்றாள் வாசலறையில் தையல்கடை வைத்திருந்த மனைவி. "எதுக்கும் நான் ஆறு வருஷம் காத்திருக்கலை."

"அது வேற மஞ்சள்மா."

"பதினாலுமா?"

ஏழாம் வருடம் மஞ்சள் பிறந்தது. அதைச் செய்த அயல்நாட்டுத் தொழிற்சாலை முதல் நூறை ஆர்வலர்களுக்குக் குலுக்கலில் கொடுத்தது. அவர் பெயரும் விழுந்தது. பொட்டலமும் வந்து சேர்ந்தது. வீட்டுக்கு அல்ல, அயல்நாட்டுப் பொட்டலங்கள் ஆய்வு அலுவலகத்துக்கு.

அங்கே பிரிவு அலுவலர் தங்கமான மனிதர். எழுந்து நாற்காலி போட்டார்.

"ஒரு சின்னச் சிக்கல் சார். ஒளி விடுற சாதனம்னா நிறம் குறிக்கணும். படிவத்துல சிவப்பு, பச்சை, நீலம் மூணுதான் இருக்கு."

"இது மஞ்சள்."

"அப்படி ஒண்ணு இல்லையே சார்."

"உங்க மேசையில இருக்கே!"

"மேசையில இருக்கு. பட்டியல்ல இல்லை. இல்லாத பொருளை நான் எப்படி ஒப்படைக்கிறது? நாளைக்கே என்னத்தைக் கொடுத்தேன்னு மேலிடத்துல கேட்டா?"

முப்பது நாளில் ஒப்படைக்கப்படாத பொருள் அழிக்கப்படும் என்பதையும் அன்போடு தெரிவித்தார். அழிப்பதற்கு நிறம் குறிக்கத் தேவையில்லை.

பல்செட்காரருக்கு ஒரு யோசனை வந்தது. வராமல் இருந்திருக்கலாம். "சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தா கண்ணுக்கு மஞ்சளாத்தான் தெரியும் சார்."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா!" அலுவலர் முகம் மலர்ந்து, சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று என்று எழுதினார், முத்திரை குத்தினார், டப்பாவைத் திறந்தார். முகம் வெளுத்தது.

"ஒண்ணுதான் சார் இருக்கு."

"ஒண்ணுதான் வந்துச்சு."

"ரெண்டுன்னு பதிவாயிடுச்சே! அப்போ ஒண்ணு களவு போயிருக்கு. என் பிரிவுல!" இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார் பாவம்.

இவ்வாறாக, வராத டயோடு காணாமல் போனதாகப் பல்செட்காரரே மூன்று பிரதிகளில் புகார் எழுதிக் கொடுத்தார். வந்த டயோடு சான்றுப்பொருளாகி, அரக்கு வைக்கப்பட்டு, அலமாரிக்குள் போனது.

இருபத்தொன்பதாம் நாள் மூவர் குழு கூடியது. களவு போனது சிவப்பா, பச்சையா என்று முடிவு செய்ய, இருப்பதை எரியவிட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. ஒயரை இணைத்தவர் பல்செட்காரர்தான். ஜன்னல்களைச் சாத்தினார்கள். நாள்காட்டிக்குப் பக்கத்தில், காரை பெயர்ந்த அரசாங்கச் சுவரில், மஞ்சளாக ஒரு புள்ளி வந்து உட்கார்ந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. குழுவும் நாற்காலிகளை முன்னால் இழுத்துப் போட்டுப் பார்த்தது. பிறகு வேலையைத் தொடங்கியது.

"எலுமிச்சை," என்றார் தலைவர்.

"தங்கம்," என்றார் இரண்டாமவர்.

மூன்றாமவர் தம் கருத்தை எழுத்துமூலம் பின்னர் தருவதாகச் சொன்னார்.

இரண்டு மணி நேரம் போனது. மனம் வெறுத்த பல்செட்காரர், தொழிலுக்காகப் பையிலேயே வைத்திருக்கும் பட்டையை எடுத்தார். பதினாறு மாதிரிப் பற்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். "இந்தாங்க, நாலாம் நம்பர் பல்லு. காபி நிறையக் குடிக்கிறவங்களுக்கு வர்ற நிறம். போதுமா?"

எண் என்றதும் குழுவுக்கு உயிர் வந்தது. தீர்மானம் அங்கேயே தட்டச்சானது: 'மேற்படி ஒளியானது நான்காம் எண் பல்லின் நிறத்தை ஒத்திருப்பதால் மேற்படி சாதனம் பல் வகையைச் சார்ந்தது எனவும், பற்களில் சிவப்பு, பச்சை நிறங்கள் வழக்கத்தில் இல்லாமையால் இரண்டில் எதுவும் களவு போயிருக்க வாய்ப்பில்லை எனவும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது.'

"அப்போ எடுத்துட்டுப் போகலாமா?"

"தாராளமா. பல்லுங்கிறதால, அதை வாயில கட்டிக்கிறவங்க மட்டும் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

மனைவி தைத்துக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். "உங்க மஞ்சளுக்காக நான் பல்லு போனவளா?"

"ஒரே ஒரு கடைவாய்ப் பல்லும்மா. வெளியில தெரியாது."

அவர் முகத்தைப் பார்த்தாள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அலுவலர் விதிப்படி வாயைத் திறக்கச் சொல்லி எண்ணினார். "முப்பத்திரண்டும் இருக்கே?"

"அத்தனையும் இவர் கட்டினதுதான்," என்றாள் கூசாமல்.

"என்ன வேலைப்பாடு!" என்று வியந்து அலுவலர் டப்பாவை ஒப்படைத்தார்.

செய்தி பரவியது. ஊருக்குள் ஒளிந்திருந்த பித்தர்கள் ஏழு பேர் மஞ்சளைப் பார்க்க வந்தார்கள். தேநீர் குடித்தார்கள், சங்கம் ஆரம்பித்தார்கள். பல்செட்காரர் செயலாளர்.

ஒரு விடுமுறை நாளில் பிரிவு அலுவலர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். "சார், அந்தப் புள்ளி கண்ணை விட்டுப் போகமாட்டேங்குது. இன்னொரு தடவை பார்க்கலாமா?"

"பார்வை நாள் வியாழக்கிழமை மட்டும்," என்றார் செயலாளர். "உறுப்பினர் ரெண்டு பேர் சிபாரிசும் வேணும்."

அலுவலருக்குக் கோபம் வரவில்லை. சொந்த வீட்டுக்கு வந்துவிட்டவர்போல முகம் கனிந்தது. "பிரமாதமா நடத்துறீங்க சார்," என்று மனதாரப் பாராட்டி, வாசலில் இறங்கிப் போனார்.

"என்னங்க, நானும் பார்த்துப் பத்து நாளாச்சு," என்றாள் மனைவி. "ஒரு நிமிஷம் போடுங்களேன்."

அவர் நெற்றியைத் தேய்த்தார். "நீ உறுப்பினர் இல்லையேம்மா."

"சரி, ஒரு மனுத்தாள் குடுங்க."

"மனுத்தாள் தீர்ந்துபோச்சு. அடுத்த வாரம் வந்து பாரு."

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று விளங்காமல், செயலாளர் அடுத்த கூட்டத்துக்கான சுற்றறிக்கையை எழுத உட்கார்ந்தார்.