ஆறு இலக்க ரகசியம்

இந்தக் காலத்து ஜனங்களுக்குத் தண்ணீர் பிடிக்கக்கூடப் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது என்று சேகரன் முணுமுணுத்தார். பாவம், மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரைக் கைவிட்டுவிட்டது. மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த மகத்தான சம்பவம் அன்று காலை மைசூர் அக்ரஹாரத்தில் நடக்கப்போகிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? 'கணினி, இணைய விழிப்புணர்வு முகாம்' என்று சத்திரத்து வாசலில் பேனர் கட்டியிருந்தது. தெருவே பயன்பெறட்டும் என்று வெளியே ஒலிபெருக்கியும் வைத்திருந்தார்கள்.

சேகரன் விழிப்புணர்வுக்காக வரவில்லை. அவர் கையில் இருந்தது காலி கேன். தெருக்கோடியில் குடிநீர் மெஷின் உண்டு. ஐந்து ரூபாய்க் காசு போட்டால் கேன் நிறையும். மனைவி சொர்ணலதாவுக்குச் சிறுநீரகத்தில் கல். குழாய்த் தண்ணீர் வாயில் படவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நேற்று அந்தக் காசு போடும் ஓட்டையை யாரோ டேப் ஒட்டி அடைத்துவிட்டார்கள். 'யாரோ' என்று சொல்வது மரியாதையில்லை. அடைத்தது குடியிருப்போர் நலச் சங்கம். இனிமேல் ஸ்மார்ட் கார்டு காட்டினால்தான் தண்ணீர். கார்டு வேண்டுமென்றால் முகாமில் உட்கார வேண்டும். அறிவுத் தாகம் வராதவர்களுக்குச் சாதாரணத் தாகத்தை ஏற்படுத்திக் கொடுத்த சங்கத்தின் தொலைநோக்கை என்னவென்று புகழ்வது!

பாடம் நடத்த வந்த கன்னடத்துப் பையன் கிரண் கழுத்தில் அடையாள அட்டை தொங்க, திரைமுன் நின்றான்.

"ஃபர்ஸ்ட், பாஸ்வேர்டு. உங்க பேரு, பிறந்த நாள் ஒண்ணும் பேடா, வேண்டாம். ஆய்த்தா?"

முன்வரிசை மீனாக்ஷி மாமி கையைத் தூக்கினார். "சாமி பேரு வெச்சுக்கலாமோன்னோ?"

"பேடா மாமி. மைசூர்ல பாதிப் பேரு அதான் வச்சிருக்காங்க."

"நஞ்சுண்டேஸ்வரனைவிட எவன்டா காவல் காப்பான்?"

சபை கைதட்டியது. வேறு வழியில்லாமல் கிரண் நஞ்சுண்டேஸ்வரனை அனுமதித்தான், பின்னால் ஓர் ஆச்சரியக்குறி சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அடுத்து, திருடன் எப்படி வருவான் என்ற பாடம். "ரொம்ப மரியாதையாப் பேசுவான். எல்லாம் உங்க நல்லதுக்குன்னு சொல்லுவான். இன்னைக்குத்தான் லாஸ்ட் டேட்னு அவசரப்படுத்துவான். கேக்கலைன்னா கரண்ட் கட், கேஸ் கட்னு பயமுறுத்துவான். அப்புறம் போனுக்கு வந்த ஓடிபியைக் கேப்பான். யாருக்கும் சொல்லக்கூடாது. யாருக்கு?"

"யாருக்கும்!" சத்திரம் அதிர்ந்தது.

அதுவரை அரைத்தூக்கத்தில் இருந்த சேகரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவருக்குத் தெரிந்த விஷயம். தேவராஜ மார்க்கெட்டில் மூட்டை தூக்கியே நரைத்தவர் அவர். அங்கே 'ஏய்' என்று கூப்பிட்டவன் மூட்டையைத் தூக்கிவிடலாம். 'யஜமானரே' என்று கூப்பிட்டவன் மூட்டைதான் முதுகை முறிக்கும்.

பாடம் முடிந்ததும் சங்கத் தலைவர் யக்ஞநாராயணன் மைக்கைப் பிடித்தார். "இப்போ எல்லார் போனுக்கும் ஒரு ஓடிபி வரும். வரிசையா வந்து உரக்கச் சொல்லிட்டு, கார்டை வாங்கிண்டு போங்கோ."

'யாருக்கும்' என்று முழங்கிய அதே ஜனங்கள் முண்டியடித்து வரிசையில் நின்றார்கள். மாமி தன் ஓடிபியை மைக்கிலேயே சொன்னார். யாரும் கேட்காமலே, "பாஸ்வேர்டு நஞ்சுண்டேஸ்வரன், ஆச்சரியக்குறி" என்றும் சேர்த்துக்கொண்டார். ஒலிபெருக்கி அதைத் தெருவுக்கு எடுத்துச் சொன்னது.

சேகரனின் முறை வந்தது. பட்டன் போன் கீச்சென்றது.

"சொல்லுங்க ஸார்," என்றான் கிரண்.

"சொல்ல மாட்டேன்."

"யாக்கே? ஏன் ஸார்?"

"நீதானே தம்பி யாருக்கும் சொல்லக்கூடாதுன்னே."

"அது திருடனுக்கு ஸார். இது சங்கம்."

"திருடன் வந்தா, நான் திருடன்னா சொல்லுவான்? அவனும் சங்கம்னுதான் சொல்லுவான்."

கிரண் திரையைப் பார்த்தான். பாடத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தான். யக்ஞநாராயணன் மேடையை விட்டு இறங்கி வந்து சேகரனின் தோளில் கை போட்டார்.

"யஜமானரே," என்றார் குழைவாக. சேகரனின் முதுகு தானாக விறைத்துக்கொண்டது. "எல்லாம் உங்க நல்லதுக்குத்தான். இன்னிக்குத்தான் கடைசி நாள். இல்லேன்னா தண்ணி கட் ஆயிடும், பார்த்துக்கோங்கோ."

சேகரன் கிரணைத் திரும்பிப் பார்த்தார். "நல்ல வாத்தியார்ப்பா நீ. நீ சொன்னது அத்தனையும் ஒண்ணுவிடாம வந்துடுச்சே!"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சங்கம் சிரிக்கவில்லை.

"சொர்ணலதா காத்துண்டிருப்பாளே," என்றார் மாமி. "ஆறு நம்பர்தானே, சொல்லித் தொலையுங்களேன்."

அந்தப் பேச்சு மட்டும் சேகரனுக்குச் சுருக்கென்று தைத்தது. காலி கேனை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"மார்க்கெட் பக்கத்து மெஷின்ல இன்னும் காசு விழுது. வரும்போது கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான்."

அவர் தெருமுனையைத் தாண்டும்போது ஒலிபெருக்கியில் யக்ஞநாராயணனின் குரல் துரத்தி வந்தது. வரிசை முடிவதற்குள்ளேயே முகாம் மாபெரும் வெற்றியாம். வந்த அத்தனை பேரும் விழிப்புணர்வு பெற்றுக் கார்டும் பெற்றுவிட்டார்களாம். பாடத்தைக் காதில் வாங்காதவர் ஒரே ஒருவர்தானாம்.

சேகரன் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் அக்ரஹாரத்தின் ரகசியங்கள் ஆறாறு இலக்கமாகத் தெருவில் ஒலித்துக்கொண்டிருந்தன.